சல்சா, பச்சாட்டா, மெரெங்கே: எல்லாம் ஒரே ஆட்டம்தானா?

கேள்வி, பிப்ரவரி 6

நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனதால் லத்தீன் நடன மாலை ஒன்றுக்குப் போயிருந்தேன். பாட்டு மாறும்போதெல்லாம் சுற்றி இருந்தவர்கள் "இது சல்சா", "இது பச்சாட்டா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்கள். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு இடுப்பை ஆட்டுகிறார்கள், நடுவே ஒருவர் சுற்றுகிறார். ஒரே ஆட்டத்துக்கு ஐந்தாறு பெயர் சூட்டி ஐந்தாறு வகுப்புகளுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். வேறுபாடு உண்டு என்பவர்கள் ஒன்றும் தெரியாதவனுக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, மாலை

இடுப்பைப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். காலைப் பாருங்கள். அதிலும் கால் எங்கே அடி வைக்காமல் விடுகிறது என்று பாருங்கள். இந்த நடனங்களின் அடையாளம் பெரும்பாலும் அந்த இடைவெளியில் இருக்கிறது.

மெரெங்கேயில் இடைவெளியே கிடையாது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அடி; இடம், வலம், இடம், வலம் என்று அணிவகுப்பு நடை. பச்சாட்டாவில் பக்கவாட்டில் மூன்று அடி. நான்காவதில் உடல் எடையை மாற்றாமல் பாதத்தால் தரையில் ஒரு தட்டு. பிறகு எதிர்ப்பக்கம் அதே மூன்று, அதே தட்டு. சல்சாவில் எட்டுத் துடிப்புக்குள் ஆறு அடி: 1, 2, 3 வைத்து 4-இல் நிறுத்தம், 5, 6, 7 வைத்து 8-இல் நிறுத்தம். அடிப்படை அடி முன்னும் பின்னுமாகப் போகும். சா-சா-சாவில் நிதானமாக இரண்டு அடி, அதைத் தொடர்ந்து பாதங்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும் மூன்று விரைவு அடி.

எண்ணத் தெரிந்தவர் எவரும் ஒரு மாலைக்குள் இந்த நான்கையும் பிரித்துவிடலாம். ஆள் பிடிப்பது பற்றிய சந்தேகம் தனி விவகாரம். அதற்குப் பிறகு வருகிறேன்.

பிப்ரவரி 6, இரவு

ஒன்றைச் சேர்க்க வேண்டும். நன்றாக ஆடுபவர்களைப் பார்த்து எண்ணாதீர்கள். கைதேர்ந்தவர்கள் அந்த நிறுத்தத்தைச் சும்மா விடமாட்டார்கள். சல்சாவின் 4-இலும் 8-இலும் ஒரு தட்டு, ஓர் உதை, ஒரு தோள் குலுக்கல் என்று எதையாவது நிரப்பிவிடுவார்கள். பார்க்கும் புதியவருக்கு அதுவும் ஓர் அடியாகத் தெரியும். தளத்தின் ஓரத்தில் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு, தன் காலையே பார்த்து ஆடும் தொடக்கநிலை இணையைத் தேடுங்கள். பாடப்புத்தகம் அவர்கள்தாம்.

பிப்ரவரி 8

"எண்ணச் சொல்கிறீர்கள், முதல் துடிப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வகுப்புகள் பலவும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. ஆசிரியர் உரக்க எண்ணிக் கொடுப்பார். மாணவர்கள் பாட்டைக் கேட்காமல் அவர் குரலுக்கு ஆடுவார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான். ஆசிரியர் தண்ணீர் குடிக்கப் போனால் என் கால் நின்றுவிடும்.

சல்சாவில் முதல் துடிப்பு காதுக்கு அகப்படாததற்கு உண்மையான காரணம் உண்டு. நாம் கேட்டுப் பழகிய பல பாட்டுகளில் தாழ்ந்த ஒலி முதல் துடிப்பில் கனமாக விழும். சல்சாவில் பாஸ் வாத்தியம் வேண்டுமென்றே அந்த இடத்தைக் காலியாக விடும். வழக்கமான பாஸ் நடையில் ஓர் ஒலி 2-க்கும் 3-க்கும் நடுவில் விழும், இன்னொன்று 4-இல் விழுந்து அடுத்த 1-ஐத் தாண்டியும் நீளும். தாழ்ந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு கால் வைப்பவர் அதனால்தான் எப்போதும் கொஞ்சம் முந்திப் போகிறார். அவருக்குத் தாளம் வராது என்று சொல்லிவிடுவார்கள். தாளம் வருகிறது, தவறான வாத்தியத்தைப் பிடித்திருக்கிறார்.

அப்படியானால் எதைப் பிடிப்பது? கொங்கா என்னும் உயரமான தோல் முரசைக் கேளுங்கள். 2-இல் கூர்மையான ஒரு தட்டு, 4-இல் தொடங்கி அடுத்தடுத்து இரண்டு திறந்த ஒலிகள். டக்... தும்-தும். அந்தத் தும்-தும் முடிந்ததும் வருவது அடுத்த முதல் துடிப்பு. பாட்டின் பிற்பகுதியில் பல்லவிக் குரல்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கியதும், போங்கோ என்னும் சிறிய இரட்டை முரசை வாசிப்பவர் அதை வைத்துவிட்டுக் கையில் ஓர் உலோக மணியை எடுப்பார். அதன் கனமான ஒலி 1, 3, 5, 7-இல் விழும். தொடக்கக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பாட்டின் முதல் பாதியில் தடுமாறி நிற்பவர்கள் இரண்டாம் பாதியில் திடீரென்று ஆடத் தொடங்குவதற்கு இந்த மணியும் ஒரு காரணம்.

கிளாவே பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். இரண்டு மரக்கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து ஒலிகள். நான்கு நான்கு துடிப்பாக இரண்டு அளவுகளில் பரவிக் கிடக்கும். ஓர் அளவில் மூன்று, மற்றதில் இரண்டு. மூன்று முதலில் வந்தால் 3-2, இரண்டு முதலில் வந்தால் 2-3. இசைக்குழு முழுவதும் அதை ஒட்டியே வாசிக்கிறது. ஆனால் பல பாட்டுகளில் அந்தக் கட்டை ஒலிப்பதே இல்லை. வாசிப்பவர்களின் மனத்துக்குள் ஓடும். தொடக்கத்திலேயே கிளாவேயைத் தேடி அலைய வேண்டாம்.

பிப்ரவரி 8, சிறிது நேரம் கழித்து

பச்சாட்டா, மெரெங்கே ரசிகர்கள் கோபித்துக்கொள்வதற்கு முன் அவற்றுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பச்சாட்டாவில் கித்தார்தான் அரசன். மெல்லிய கம்பிகளில் ஒவ்வொரு சுரமாக உதிரும் மெட்டு தொடங்கியதுமே தெரிந்துவிடும். கூடவே போங்கோ, குவிரா. குவிரா என்பது உலோகக் குழாயைக் கம்பிகளால் சுரண்டும் வாத்தியம். நான்காம் துடிப்பில் போங்கோ ஓர் அழுத்தம் கொடுக்கும். நீங்கள் பாதத்தைத் தட்டும் இடம் அதுதான்.

மெரெங்கேயிலும் குவிரா உண்டு, ஆனால் அங்கே அது ஓட்டமாய் ஓடும். தம்போரா என்னும் இருமுக முரசு ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் கையாலும் உருளும். மேலே அக்கார்டியனோ சாக்ஸபோன் கூட்டமோ விடாமல் துரத்தும். இதைக் கேட்டு உட்கார்ந்திருப்பது கடினம்.

சா-சா-சாவில் குயிரோ வரும். அது குவிரா அல்ல, சுரைக்குடுவையில் செய்தது. நெடில், குறில், குறில் என்று சுரண்டும். ஒருமுறை பிடிபட்டால் பிறகு காது தவறவிடாது.

பிப்ரவரி 9

வேகத்தை வைத்துப் பிரிக்கலாமா என்ற கேள்விக்கு: ஓரளவுக்கு. போட்டி அரங்கில் ரும்பா என்ற நடனம் நிமிடத்துக்கு 100-ஐச் சற்றுத் தாண்டிய துடிப்புகளில் நடக்கும், சா-சா-சா 120-ஐ ஒட்டி. சல்சாப் பாட்டுகள் பெரும்பாலும் 160 முதல் 220 வரை. பச்சாட்டாவும் சா-சா-சாவும் ஒரே வேகத்தில் இருக்கலாம் என்பதால் வேகத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். சுரண்டுவது உலோகமா, சுரைக்குடுவையா என்று கேளுங்கள்.

பிப்ரவரி 11

"சல்சா ஆடத் தெரியும் என்று சொல்லிவிட்டு வேறு இடத்தில் போய் ஆடினால் யாருடனும் ஒத்துவரவில்லை." இதை எழுதியவர் மீது எனக்குப் பரிவு உண்டு. சல்சா என்பதற்குள்ளேயே பல குடித்தனங்கள் இருக்கின்றன.

முதல் பிரிவு தரையில் தெரியும். ஆடும் இணையை மேலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஒரே நேர்க்கோட்டில் இடம் மாறி மாறிப் போனால் அது நியூயார்க் அல்லது லாஸ் ஏஞ்சல்ஸ் வழி. ஒருவரையொருவர் வட்டமிட்டுக்கொண்டே இருந்தால் கியூபா வழி. கியூபாவில் அதைக் காசினோ என்பார்கள். ஹவானாவின் காசினோ தெபோர்த்தீவோ என்ற மன்றத்தோடு 1950-களில் இணைந்துவிட்ட பெயர். பல இணைகள் வட்டமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் துணையை மாற்றிக்கொண்டால் அது ருவேதா. கால்கள் மட்டும் தையல் இயந்திரம்போல் ஓடி, இடுப்புக்கு மேலே அமைதியாக இருந்தால் பெரும்பாலும் கொலம்பியாவின் காலி நகரத்து வழி.

இரண்டாவது பிரிவு கண்ணுக்கு எளிதில் தெரியாது. இதில்தான் முட்டிக்கொள்வார்கள். திசை மாற்றும் அடியை 1-இல் வைப்பவர்கள் உண்டு. 2-இல் வைப்பவர்கள் உண்டு. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு எடுப்பு என்றால் போதும்: அதே தாளம், தொடங்கும் இடம் வேறு. லாஸ் ஏஞ்சல்ஸ் வழியில் 1-இலும் 5-இலும் திசை மாறும். நியூயார்க் வழியில் 2-இலும் 6-இலும். நியூயார்க்கில் இதை எண்ணிக் கற்பிக்கும் முறையாக ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் எடி டோரஸ். அதற்கு முன்னால் மன்ஹாட்டனின் பலேடியம் அரங்கில் மச்சீத்தோ, டீட்டோ புவெந்தே, டீட்டோ ரொத்ரீகெஸ் ஆகியோரின் இசைக்குழுக்களுக்கு மாம்போ என்னும் கியூப வழி நடனத்தை ஆடிய தலைமுறை இருக்கிறது. அவர்களின் ஆட்டத்தின் வாரிசு இது.

எது சரி என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம். 2-இல் ஆடுபவர்கள் கொங்காவின் அந்தக் கூர்மையான தட்டோடு சேர்கிறார்கள். 1-இல் ஆடுபவர்கள் மெட்டோடு சேர்கிறார்கள். நான் 1-இல் தொடங்கி 2-க்குப் போனவன். போனதும் 1-இல் ஆடுபவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கும் நோய் எனக்கும் வந்தது. 1-இல் ஆடும் ஒரு பெரியவர், தலையில் ஒரு முடிகூடக் கறுப்பாக இல்லாதவர், ஒரு முழுப் பாட்டுக்கு ஒரே ஒரு திருப்பம் மட்டும் வைத்து ஆடி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். நோய் அன்றே தீர்ந்தது.

பிப்ரவரி 11

"கால் சொன்ன பேச்சைக் கேட்காதவன் எதில் தொடங்குவது?" மெரெங்கே. நடக்கத் தெரிந்தால் போதும்.

"நடையும் சுமார்தான்." அப்படியானால் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் உங்களிடம் வந்து பேசுவார்கள்.

பிப்ரவரி 13

இடுப்பு. தவிர்க்கப் பார்த்தேன், விடமாட்டேன் என்கிறீர்கள்.

இடுப்பை யாரும் தனியாக ஆட்டுவதில்லை. ஆட்டினால் அசிங்கமாக இருக்கும். முழங்காலை மடக்கி, எடையை வைக்காமல் பாதத்தை இடுங்கள். பிறகு எடையை அதன்மீது ஏற்றிக்கொண்டே முழங்காலை நீட்டுங்கள். நீளும் காலின் பக்கத்து இடுப்பு தானாக உயர்ந்து வெளியே போகும், மற்றது தாழும். சல்சா, மெரெங்கே, பச்சாட்டா மூன்றிலும் இடுப்பு அசைவு இதுதான். மேலுடல் பெரிதாக அசையாது. கண்ணாடி முன்னால் நின்று இடுப்பை வீசிப் பழகியவர்களுக்குக் கீழ்முதுகு வலிதான் மிச்சம்.

போட்டி மேடையின் ரும்பா இந்த விதிக்கு விலக்கு. அங்கே எடை ஏறும்போது கால் முழுவதும் நீண்டு விறைத்திருக்க வேண்டும் என்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கற்கும் ஆசை வந்தால் ஓர் ஆண்டு தள்ளிப் போடுங்கள்.

பிப்ரவரி 14

யாரோ டாங்கோவைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். லத்தீன் அமெரிக்காவில் பிறந்தது என்பதால் சேர்ப்பது நியாயம்தான். புவெனஸ் ஐரிஸும் மொண்டெவிடியோவும் அதன் தாய்வீடுகள். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2009-இல் அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்தே அதை ஏற்றின.

ஆனால் சர்வதேசப் போட்டி வகைப்பாட்டைப் பார்த்தால் தலை சுற்றும். அங்கே டாங்கோ லத்தீன் பிரிவில் இல்லை. வால்ட்ஸோடு சேர்த்து வேறு பிரிவில் வைத்திருக்கிறார்கள். லத்தீன் பிரிவில் இருக்கும் ஐந்து: சாம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ தோப்ளே, ஜைவ். இதில் பாசோ தோப்ளே ஸ்பெயினின் காளைச் சண்டையை நடிப்பது, ஜைவ் அமெரிக்க ஸ்விங் நடனங்களின் வழிவந்தது. உலகெங்கும் மக்கள் இரவெல்லாம் ஆடும் சல்சா, பச்சாட்டா, மெரெங்கே மூன்றுக்கும் அந்த ஐந்தில் இடமில்லை. பட்டியல் போட்டவர்கள் எந்த நடன மாலைக்குப் போனார்கள் என்று தெரியவில்லை.

டாங்கோவை அடையாளம் காண எண்ணிக்கை உதவாது, ஏனென்றால் அதில் கட்டாயமான எண்ணிக்கையே இல்லை. நடை, நிறுத்தம், மறுபடி நடை. இடுப்பு பக்கவாட்டில் ஆடாது. மார்போடு மார்பு நெருங்கி, எல்லா இணைகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தளத்தைச் சுற்றி வருவார்கள். கொங்கா, போங்கோ எதுவும் இருக்காது. பாந்தோனியோன் என்னும் துருத்தி வாத்தியம் புலம்பும். பாட்டுகள் மூன்று நான்கு சேர்ந்த தொகுப்புகளாக வரும். இடையே சம்பந்தமில்லாத ஒரு துண்டு இசை ஒலித்ததும் இணைகள் கலைவார்கள். ஆட அழைப்பது வாயால் அல்ல, தூரத்திலிருந்து கண்ணால். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போன ஒரு நாள், யாரோ தலையசைத்தார் என்று நினைத்து எழுந்து பாதித் தூரம் நடந்தேன். அவர் எனக்குப் பின்னால் இருந்தவரை அழைத்திருந்தார். அப்படியே தண்ணீர்க் குடுவை இருந்த மேசைவரை நடந்து சமாளித்தேன்.

பிப்ரவரி 15

மேலே ரும்பா என்று எழுதியதும் ஒருவர் சீறியிருக்கிறார்: "கியூபாவின் ரும்பாவையும் போட்டி ரும்பாவையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்." ஒரே மூச்சில் சொல்லவில்லை, போட்டி மேடை என்றுதான் எழுதினேன். ஆனாலும் கோபம் நியாயமானது.

கியூபாவின் ரும்பா முரசும் குரலும் மட்டும் கொண்டது. ஹவானா, மத்தான்சாஸ் பகுதிகளில் கறுப்பின உழைப்பாளிகளிடம் வளர்ந்தது. யாம்பூ, குவாகுவாங்கோ, கொலும்பியா என்று மூன்று முக்கிய வகைகள். யாம்பூ நிதானம், குவாகுவாங்கோவில் ஆண் சீண்ட, பெண் தன்னைக் காத்துக்கொள்ளும் விளையாட்டு, கொலும்பியா மரபாக ஆண்களின் தனியாட்டம். இவற்றில் இணைகள் கட்டிக்கொண்டு ஆடுவதில்லை. மேடையில் கண்ணீர் ததும்பும் முகத்தோடு மெதுவாக ஆடும் போட்டி ரும்பாவோ பொலேரோ, சோன் என்னும் கியூப இசை வகைகளின் வழியில் வந்தது. 2, 3 என்று இரண்டு அடி வைத்து, 4-இல் வைக்கும் அடியை அடுத்த 1 வரை நீட்டிக்கொள்ளும். பெயர் மட்டும் ஒன்று.

சாம்பாவிலும் இதே கதை. திருவிழா ஊர்வலத்தில் தனியாக ஆடுவது ஒன்று, ரியோவின் நடனக் கூடங்களில் இணையாக ஆடும் காஃபியேரா இன்னொன்று, போட்டி மேடையில் துள்ளிக்கொண்டு தளத்தைச் சுற்றுவது மூன்றாவது.

பிப்ரவரி 17

ஆள் பிடிக்கும் விவகாரத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். யோசிக்க யோசிக்க, கேட்டவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

பச்சாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். டொமினிகன் குடியரசில் சர்வாதிகாரி த்ருகீயோ 1961-இல் கொல்லப்பட்டார். அவர் தூக்கிப் பிடித்தது மெரெங்கேயை. அடுத்த ஆண்டு ஹோசே மனுவேல் கல்தெரோன் பதிவுசெய்த பாட்டுகளை முதல் பச்சாட்டாப் பதிவுகளாகச் சொல்வார்கள். அதன் பிறகும் நெடுங்காலம் அதைக் குடிகாரர்களின், சேரிக்காரர்களின் இசை என்று மேல்தட்டு ஒதுக்கியது. 1990-இல் ஹுவான் லூயிஸ் கெர்ராவின் இசைத்தொகுப்பு உலகமெங்கும் போன பிறகுதான் வரவேற்பறைக்குள் விட்டார்கள். 2019-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. மெரெங்கே 2016-இலேயே ஏறிவிட்டது.

அந்த நாட்டின் பச்சாட்டா சிறிய அடிகள், துடுக்கான கால்வேலை, சிரிப்பு. இன்று பல வகுப்புகளில் பச்சாட்டா என்ற பெயரில் கிடைப்பது ஸ்பெயினின் காதீஸில் கோர்க்கேயும் ஜூடித்தும் வடிவமைத்த சென்சுவல் வழி: உடல் அலைகள், மார்பு வட்டங்கள், தலைச் சுழற்சிகள். இரண்டும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் விற்கின்றன. சேர்ந்தவருக்கு எதைக் கற்கிறோம் என்று முதல் நாள் யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. அலை அலையாக நெளியப் பழகிக்கொண்டு ஒரு டொமினிகன் பெண்மணியோடு ஆடப் போனேன். அவர் பொறுமையாக இருந்தார். பாட்டு முடிந்ததும், "கால் வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

பெயர்களில் வணிகம் இருக்கிறது என்பது உண்மை. சல்சா என்ற பெயரே 1970-களின் நியூயார்க்கில், ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தின் விளம்பரத்தால் நிலைபெற்றது. டீட்டோ புவெந்தேவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. தான் வாசிப்பது கியூப இசை என்பார். லத்தீன் விழாக்களில் தனி அரங்கு பெறும் கிசோம்பா என்ற நடனமோ ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் பிறந்தது.

ஆனாலும் பெயரில் வணிகம் புகுந்ததால் ஆட்டங்கள் ஒன்றாகிவிடவில்லை. மெரெங்கேப் பாட்டுக்குச் சல்சா அடி வைத்துப் பாருங்கள். 4-இல் நீங்கள் நிற்பீர்கள், பாட்டு நிற்காது.

பிப்ரவரி 17, இரவு

கிசோம்பாவை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டதாக முறையீடு. பச்சாட்டாவின் சென்சுவல் வழியோடு அதைக் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் இதை மட்டும் சொல்கிறேன். கிசோம்பா நடப்பது, முழங்கால் தளர்ந்து, எடை தரைக்குள் இறங்கும். தட்டு கிடையாது, தலைச் சுழற்சி கிடையாது. இணையின் மேலுடல்கள் நெருங்கியே இருக்கும். பாட்டும் பெரும்பாலும் போர்ச்சுகீசிய மொழியில். மொழியை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும்: ஆங்கிலப் பாப் பாடல்களுக்குப் பச்சாட்டாத் தாளம் போட்டு மாற்றிய பதிப்புகள் ஏராளம்.

பிப்ரவரி 20

கற்பது பற்றி. இதுவரை அடையாளம் காண்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

புதியவர்கள் திருப்பங்களைச் சேகரிக்கிறார்கள். வாரம் ஒரு புதிய பின்னல், கைப்பேசியில் அதன் காணொளி, அடுத்த வாரம் அது மறந்து இன்னொன்று. ஆட்டத் தளத்தில் போனால் பாட்டின் வேகத்தில் ஒன்றும் நினைவுக்கு வராது. என் கருத்து கடுமையானது: அடிப்படை அடியும், துணையைக் குறுக்கே அனுப்பி இடம் மாறும் அடியும், வலப்பக்கம் ஒரு திருப்பமும் போதும், ஒரு பருவம் முழுக்க. ஆடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அடி உடம்புக்குள் போய்விட்டது. முடியாவிட்டால் புதிய பின்னல் கற்று என்ன பயன்?

வழிநடத்துபவர்களுக்கு: கையால் இழுக்காதீர்கள். உங்கள் உடல் விலகினால் எதிரே இருப்பவருக்குப் போக இடம் கிடைக்கிறது; கை அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் கம்பி மட்டும். கட்டைவிரலால் இறுகப் பிடிப்பது பெரிய குற்றம். சுற்றும்போது மணிக்கட்டு முறுகிவிடும். திருப்பத்துக்கான குறிப்பு, திரும்ப வேண்டிய துடிப்புக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். தாமதமான குறிப்பைக் கொடுத்துவிட்டு "நீங்கள் திரும்பவில்லையே" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பின்தொடர்பவர்களுக்கு: அடுத்தது என்ன என்று ஊகிக்காதீர்கள். கை உயர்ந்தாலே சுற்றிவிடுவது பழக்கமாகிவிடும். கையில் பிசைந்த மாவுபோல் தளர்ச்சியும் வேண்டாம், விறைப்பும் வேண்டாம். முழங்கை உங்கள் முதுகுக்குப் பின்னால் போகாத அளவுக்கு ஒரு சிறு எதிர்ப்பு இருந்தால் போதும்.

இரண்டு பாத்திரங்களையும் கற்பது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்யமாட்டார்கள். நான் பின்தொடரக் கற்ற மாதத்தில், என்னைப் போலவே வழிநடத்தும் ஒருவரிடம் அகப்பட்டேன். அதன் பிறகு என் பிடி தளர்ந்தது.

பிப்ரவரி 21

"மெதுவான பாட்டில் கற்றால் எளிதல்லவா?" இல்லை. மெதுவான பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் இடையே சமநிலையோடு நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 100 துடிப்பில் ஆடும் ரும்பாதான் இவற்றில் மிகக் கடினமானது என்று நினைக்கிறேன். சா-சா-சா பிறந்ததே ஆடுபவர்களின் சிரமத்தைப் பார்த்துத்தான். 1950-களின் தொடக்கத்தில் கியூப வயலின் கலைஞர் என்ரிக்கே ஹொர்ரீன், மாம்போவின் குறுக்குத் தாளங்களில் மக்கள் தடுமாறுவதைக் கண்டு, துடிப்பு தெளிவாக விழும் மெட்டுகளை அமைத்தார்.

நடுத்தர வேகமே நல்லது. நீங்களாகவே பழகும்போது முதல் பாட்டுக்கு ஆடாதீர்கள். நின்று கைதட்டி 1-ஐயும் 5-ஐயும் பிடியுங்கள். தளத்தில் யாரும் கவனிக்கமாட்டார்கள். கவனித்தால் ரசிகர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிப்ரவரி 24

கும்பியாவைக் கேட்டிருக்கிறார்கள். கொலம்பியாவின் கரீபியன் கடற்கரையில் தோன்றியது, பிறகு மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒன்றை ஆக்கிக்கொண்டது. சுரண்டும் வாத்தியத்தின் "ச்சூ-ச்சுக்கு-ச்சூ" என்ற இடைவிடாத ஓட்டம்தான் அடையாளம். குதிரை நிதானமாகப் போவதுபோல் இருக்கும். மரபான கொலம்பிய ஆட்டத்தில் இணைகள் தொடாமல் ஒருவரையொருவர் சுற்றுவார்கள். பெண் நீண்ட பாவாடையை விரித்துப் பிடித்திருப்பார். நடன மாலைகளில் காண்பது கைகோத்து ஆடும் வழி: ஒரு கால் பின்னே போய் ஊன்றும், திரும்பி வரும், அடுத்த கால் பின்னே போகும். சல்சாவில் ஒரு முறை முன்னே, ஒரு முறை பின்னே. இங்கே இரண்டு முறையும் பின்னே.

பிப்ரவரி 26

எந்தக் காலணி அணிவது என்று இரண்டு பேர் கேட்டிருப்பதால், அதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஓட்டக் காலணி வேண்டாம். அது தரையைப் பிடித்துக்கொள்ளும். உடல் திரும்பும், பாதம் திரும்பாது. நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். மெல்லிய தோல் அடிப்பாகம் போதும். நடனக் காலணிகளின் அடியில் சொரசொரப்பான மென்தோல் ஒட்டியிருப்பார்கள். அழுக்கேறி மழமழப்பானால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட வேண்டும். அதை அணிந்துகொண்டு தெருவில் நடக்காதீர்கள், ஈரத்தில் மிதிக்காதீர்கள். புதிதாக ஆட வருபவர்கள் உயரமான குதிகால் வைத்ததை வாங்க அவசரப்பட வேண்டாம். தட்டையானதில் சுற்றப் பழகிய பிறகு மாறிக்கொள்ளலாம்.